வனப் பாதுகாவலரின் பணியும் தகுதியும்

மரத்தை நடுபவர் ஒருவர். அதன் பயனைக் காண்பவர் மற்றொருவர். தேக்கு முதிர்ச்சியடைய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. எந்த அதிகாரியும் அத்தனை காலம் பதவியில் இருப்பதில்லை. எனவே, முன்னோர் விட்டுச்சென்ற காட்டைக் குறைவின்றி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதே உயர்நிலை வன அதிகாரியின் தலையாய பொறுப்பாகும்.

இந்தியாவில் இப்பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1864ஆம் ஆண்டில் டீட்ரிச் பிராண்டிஸ் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். 1878இல் டேராடூனில் வனவியல் பள்ளி தோன்றியது. சுதந்திரத்துக்குப் பின், 1966இல் இந்திய வனப்பணி அகில இந்தியப் பணிகளுள் ஒன்றாக அமைக்கப்பட்டது.

தேர்வும் பயிற்சியும்

மத்தியப் பணியாளர் தேர்வாணையம் இதற்கான போட்டித் தேர்வை நடத்துகிறது. தாவரவியல், விலங்கியல், வேதியியல், கணிதம் போன்ற அறிவியல் பாடங்களிலோ, வேளாண்மை, வனவியல், பொறியியல் ஆகியவற்றிலோ பட்டம் பெற்றவர்கள் இதில் கலந்துகொள்ளலாம். ஏட்டறிவு மட்டும் போதாது. நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டும். காட்டை நடந்தே அறிய வேண்டியிருப்பதால் இந்நிபந்தனை பொருத்தமானதே. தேர்வு பெற்றவர்கள் டேராடூனிலுள்ள இந்திரா காந்தி தேசிய வன அகாதெமியில் பயிற்சி பெறுகின்றனர்.

செயல்திட்டமே அடிப்படை

வனக்கோட்டத்தில் பணியாற்றி அனுபவம் பெற்றவரே பின்னர் பல கோட்டங்கள் அடங்கிய மண்டலத்துக்கு வனப் பாதுகாவலராக உயர்கிறார். அவர் மேற்பார்வையிடும் பணிகளுள் முதன்மையானது செயல்திட்டம். பொதுவாகப் பத்தாண்டுகளுக்கென இது வகுக்கப்படுகிறது. காட்டிலுள்ள மரங்களைக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் காடு எவ்வளவு வளர்கிறதோ அதற்கு மேற்படாமல் மரம் எடுப்பது இதன் அடிப்படைக் கொள்கை. மத்திய அரசு ஒப்புதல் அளித்த செயல்திட்டம் இன்றிக் காடுகளில் மரம் வெட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் ஆணையிட்டது.

மக்களும் காடும்

கணக்கு சரியாக இருந்தாலும், விறகுக்கு வேறு வழியற்ற கிராமத்தை எதிர்த்து எந்தக் காட்டையும் காக்க இயலாது. மேற்கு வங்கத்தின் மிதுனாப்பூர் மாவட்டத்தில் அரபாரி என்னுமிடத்தில் சாலமரக் காடு அழிந்து அடிக்கட்டைகளே எஞ்சியிருந்தன. 1970களின் தொடக்கத்தில் வன அதிகாரி அஜித் குமார் பானர்ஜி அவ்வூர் மக்களுக்கே காட்டில் வேலை அளித்தார். காட்டைக் காத்தால் வருவாயில் 25 சதவீதம் அவர்களுக்கு என்றும் உறுதி கூறினார். மக்கள் காவல் நின்றனர். அடிக்கட்டைகள் துளிர்த்து, மறுதாம்பு மரங்களாக ஓங்கின. இவ்வனுபவமே 1990இல் மத்திய அரசு கூட்டு வன மேலாண்மைக்கு வழிகாட்டுதல் வெளியிடத் துணை நின்றது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ, காடு வாழ் மக்களின் பாரம்பரிய உரிமைகளைச் சட்டப்படியே ஏற்றுக்கொண்டது.

ஆகவே, மரத்தின் வயதைக் கணிக்கும் அறிவுடன் மனிதரின் தேவையை உணரும் பண்பும் இன்றைய வனப் பாதுகாவலருக்கு இன்றியமையாதது. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் இழப்பு காட்டுக்கே. அதை ஈடுசெய்ய ஒரு தலைமுறைக் காலம் போதாது.