உங்க பட்டாவில் 0 - 40.50 என்றால் எவ்வளவு நிலம்?

ஆலங்குடிப் பக்கமோ அறந்தாங்கிப் பக்கமோ உங்களுக்கு நிலம் இருந்தா, பட்டாவைக் கையில எடுங்க. பரப்புன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல 0 - 40.50ன்னு போட்டிருந்தா, முன்னால இருக்கிறது ஹெக்டேர், பின்னால இருக்கிறது ஏர். ஒரு ஏர்னா 100 சதுர மீட்டர். ஏரை 2.471ஆல பெருக்கினா சென்ட் வந்துடும். 40.50 ஏர், ஏறக்குறைய 100 சென்ட். அதாவது ஒரு ஏக்கர்.

சொந்த நிலத்தோட அளவைத் தெரிஞ்சுக்கவே இப்படி ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கு. ஒரு நாடு மெட்ரிக் முறைக்கு மாறணுமா வேண்டாமான்னு கேட்டா, கட்டாயம் மாறணும்னுதான் நான் சொல்வேன். ஆனா பாதியில நிறுத்தக் கூடாது. நாம நிலத்துல நிறுத்திட்டோம்.

அளவு மாறுறது புதுக்கோட்டைக்குப் புதுசில்ல. சமஸ்தானமா இருந்தப்ப இங்கே அம்மன் காசு புழங்குச்சு. 320 காசு சேர்ந்தா ஒரு ரூபாய். 1948 மார்ச்சில சமஸ்தானம் இந்தியாவோட இணைஞ்சுது. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி அணாக் கணக்கு போய், ரூபாய்க்கு 100 நயா பைசான்னு ஆச்சு. அடுத்து எடை. 1956லேயே சட்டம் வந்துடுச்சு. 1958 அக்டோபர்ல தொடங்கி, படிப்படியா 1962க்குள்ள கிலோவும் லிட்டரும் கட்டாயமாச்சு.

அதுக்கு முன்னால பலம், வீசை, மணங்கு, படி, மரக்கால். ஒரு ஊர்ப் படியும் அடுத்த ஊர்ப் படியும் ஒண்ணா இருக்காது. அதுல நட்டப்பட்டது, கடலை மூட்டையைச் சுமந்துக்கிட்டுச் சந்தைக்கு வந்த விவசாயிதான். எந்த ஊர்லயும் ஒரே எடைங்கிறது அவருக்குக் கிடைச்ச பாதுகாப்பு. இதை நாம சின்ன விஷயமா நினைக்கவே கூடாது.

பாதியில நின்னா என்ன ஆகும்னு அமெரிக்காவைப் பாருங்க. மெட்ரிக்குக்கு மாற 1975ல சட்டம் போட்டுச்சு. விருப்பம் இருந்தா மாறலாம், கெடு கிடையாது. இன்னும் மாறி முடியலை. 1999ல செவ்வாய்க்கு அவங்க அனுப்பின விண்கலம் ஒண்ணு, ஒரு குழு பவுண்டுலயும் இன்னொரு குழு நியூட்டன்லயும் கணக்குப் போட்டதால அழிஞ்சு போச்சு.

சரி, நிலத்துல மட்டும் ஏன் நின்னுச்சு? எடைக்கல்லைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம். தாய்ப்பத்திரத்தை அப்படித் தூக்கிப் போட முடியாது. பாட்டன் காலத்துப் பத்திரத்துல ஏக்கர், சென்ட்னு இருக்கும். காவிரிப் பாசனப் பக்கம் இன்னும் மா, குழின்னு பேசுவாங்க. ஒரு மா 100 குழி, ஏறக்குறைய 33 சென்ட். 1979ல இருந்து 1987 வரைக்கும் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துல அரசோட பதிவேடெல்லாம் ஹெக்டேருக்கு வந்துடுச்சு. பத்திரமும் பேச்சும் பழைய அளவுலயே இருந்துடுச்சு.

இதுல ஆபத்து எங்கே இருக்குன்னு பாருங்க. பட்டாவுல 0 - 40.00ன்னு இருக்கு. விக்கிறவர் “ஒரு ஏக்கர்தாங்க”ன்னு சொல்றார். கணக்குப் போட்டா 98.84 சென்ட்தான் வருது. குறையுறது 1.16 சென்ட், ஏறக்குறைய 500 சதுர அடி. சின்னதா ஒரு வீடே கட்டிடலாம். சிங்கப்பூர்லயோ வளைகுடாவுலயோ வேலை பார்த்து, வாட்ஸ்அப்ல வந்த பட்டா நகலை மட்டும் பார்த்துப் பணம் அனுப்புற நம்ம பிள்ளைங்களுக்கு இது எப்படித் தெரியும்?

பத்திரத்துல ரெண்டு அளவையும் எழுதுறதை அரசு கட்டாயமாக்கணும். அதுவரைக்கும் நீங்களே கேட்டு வாங்குங்க. பத்திர எழுத்தர்கிட்ட, சொத்து விவரத்துல ஏக்கர்-சென்ட் பக்கத்துலயே ஹெக்டேர்-ஏரையும் எழுதச் சொல்லுங்க. நிலத்தோட அளவு வரைபடமான புலப்படத்துல நாலு பக்கமும் மீட்டர்லதான் இருக்கும். அதை வச்சு சர்வேயர் அளந்து காட்டின பிறகு முன்பணம் கொடுங்க.