55 பேரா, 54 பேரா?

மலைச்சாலை மனிதர்கள் – 7

2025 பிப்ரவரி 28, விடியற்காலை. உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் பத்ரிநாத்துக்குச் சற்று மேலே இருக்கிறது மாணா. அந்தப் பாதையில் திபெத் எல்லைக்கு முந்தைய கிராமம் அது. குளிர்காலத்தில் பத்ரிநாத் கோயில் நடை சாத்தப்படும். மாணாக்காரர்களும் ஆடுமாடுகளோடு கீழே இறங்கிவிடுவார்கள். அந்த மாதங்களில் அங்கே இருப்பவர்கள் ராணுவத்தினரும், ராணுவ வண்டிகள் போய்வர வேண்டிய சாலையில் பனியை வாரித் தள்ளும் தொழிலாளர்களும்தான். எல்லைச் சாலைகள் அமைப்பின் வேலைக்காக வந்திருந்த அவர்கள் அன்று எட்டு இரும்புக் கண்டெய்னர்களிலும் ஒரு கொட்டகையிலும் படுத்திருந்தார்கள். உயரமான பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை முந்தின நாள் மாலையே வந்திருந்தது. காலை ஆறு மணிக்குள் பனி சரிந்து முகாமின் மேல் இறங்கியது.

அடுத்த அறுபது மணி நேரம் ராணுவமும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையும் பேரிடர் மீட்புப் படையும் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். ஹெலிகாப்டர்கள், மோப்ப நாய்கள், தரைக்கடியில் பார்க்கும் ரேடார் என்று எல்லாம் வந்தன. 46 பேரை உயிரோடு எடுத்தார்கள். எட்டுப் பேர் இறந்துபோனார்கள். இரும்புக் கண்டெய்னர்கள் நசுங்காமல் தாங்கியதால்தான் இத்தனை பேர் பிழைத்தார்கள் என்று மீட்புக்குப் போனவர்கள் சொன்னார்கள். தார்ப்பாய்க் கூடாரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மனதை உறுத்திக்கொண்டே இருப்பது வேறொரு செய்தி. முதலில் தேடியது 55 பேரை. பிறகு அது 54 ஆனது. ஒருவர் யாரிடமும் சொல்லாமல் முன்பே ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தார். வீட்டார் தகவல் சொன்ன பிறகுதான் அவர் பனிக்கடியில் இல்லை என்பதே தெரிந்தது.

அவர் பிழைத்தார், சந்தோஷம். ஏன் சொல்லாமல் போனார் என்று அவரைக் கேள்வி கேட்பதில் எனக்கு விருப்பமில்லை. என் கேள்வி முகாமை நோக்கித்தான். அறுபது பேர்கூட இல்லாத இடத்தில், சுற்றிலும் பனி தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில், நேற்று இரவு யார் யார் படுத்தார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாமல் எப்படிப் போயிற்று? தொழிலாளர் நலன் என்று நாம் பேசுகிற எல்லாமே, கம்பளி முதல் காப்பீடு வரை, அந்தப் பெயர்ப் பட்டியலுக்குப் பிறகுதான் வருகின்றன. ஒருவன் இங்கே இருக்கிறான் என்பதே பதிவாகாத இடத்தில் அவனுக்கு நாலு கம்பளி கொடுத்து என்ன செய்வது?

மாணாவை இங்கே நிறுத்திவிட்டு லடாக்குக்குப் போகலாம். இந்தத் தொடரில் நாம் அதிகம் பார்த்துவருகிற சாலைகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றைப் போட்ட கைகளில் பெரும்பாலானவை ஜார்க்கண்டின் தும்கா பக்கத்துக் கைகள். சந்தால் பர்கானா என்று அழைக்கப்படும் அந்தப் பகுதியிலிருந்து 1970-களில் தொடங்கி ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் கிளம்பி, கணவாய்கள் பனியால் மூடுவதற்குள் திரும்புவார்கள். ஒரு பருவம் முடிந்தால் அடுத்த பருவம். அப்பா போன முகாமுக்கே மகன் போவதும் உண்டு.

இவர்களை நாடு கவனித்தது 2020-ல். கொரோனா ஊரடங்கில் கார்கில் அருகே படாலிக்கில் சிக்கிய 60 பேரை, அந்த ஆண்டு மே 29 அன்று லேயிலிருந்து விமானத்தில் ஏற்றி ராஞ்சிக்கு அழைத்துவந்தது ஜார்க்கண்ட் அரசு. இரண்டே வாரத்தில், ஜூன் 13 அன்று, 1,600-க்கும் மேற்பட்டவர்களோடு ஒரு சிறப்பு ரயில் தும்காவிலிருந்து லடாக் வேலைக்குக் கிளம்பியது. முதல்வர் ஹேமந்த் சோரன் கொடியசைத்தார். திரும்பி வந்தவர்களின் வாய்மொழியில்தான் அதுவரை வெளியே வராத பல விஷயங்கள் வந்தன. கூலி நேரடியாகத் தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும், விபத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றெல்லாம் மாநில அரசும் எல்லைச் சாலைகள் அமைப்பும் எழுதிப் பேச வேண்டிய நிலை வந்தது. அதுவரை நாற்பது வருடங்களுக்கு மேல் இந்த ஏற்பாட்டை நடத்திவந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் மேட்.

மேட் என்பவர் அதே ஊர்க்காரர், அதே சாதி சனம். சந்தாலி பேசுவார். வசந்தம் வந்ததும் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்ப்பார், முன்பணம் கொடுப்பார், ரயிலேற்றிக் கூட்டிப்போவார். அவர் ஆட்களின் ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொள்வதும், கூலியில் பங்கு எடுப்பதும்தான் தொழிலாளர்கள் சொன்ன முக்கியமான புகார்.

இலங்கை, மலேயா தோட்டக்காடுகளின் கதை தெரிந்த தமிழனுக்கு இது புதிதல்ல. நம் கங்காணிதான் இவர். இலங்கையில் கடனைக் கட்டினால் ஆளை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை 1921-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். சீட்டு ஒழிந்த பிறகும் கங்காணி ஏன் வெகுகாலம் நின்றார் என்பதை யோசித்தால், இன்றைய மேட்டும் நமக்குப் புரிவார். தெரியாத மொழி பேசுகிற தேசத்தில் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் சொல்ல ஒரு வாய் வேண்டும். ஊரில் அம்மா செத்தால் வந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும். சண்டையை விலக்க வேண்டும், புதுப் பையன் அழுதால் அதட்டவோ தேற்றவோ வேண்டும். இதையெல்லாம் கங்காணி செய்தார். நிர்வாகத்தில் வேறு எவரும் செய்யவில்லை. சுரண்டியவரும் அவரே, அந்த இடத்தில் ஒரே துணையும் அவரே. மேட்டை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தில்லியில் உட்கார்ந்து சொல்பவர்கள் இந்த இரண்டாவது பாதியைப் பார்ப்பதில்லை.

ஏடிஎம் கார்டையே எடுத்துக்கொள்வோம். கூலி வங்கிக் கணக்கில் விழ வேண்டும் என்பது நல்ல விதி. ஆனால் முகாமிலிருந்து ஏடிஎம் இருக்கும் ஊர் பல மணி நேரப் பயணம். ஒரு நாள் வேலை போகும், லாரி கிடைக்க வேண்டும். மேட் எப்படியும் ரேஷன் வாங்க லேக்கோ கார்கிலுக்கோ போவார். பத்துப் பேர் கார்டையும் பின் நம்பரையும் அவரிடம் கொடுத்து அனுப்புகிறார்கள். பணம் கணக்குக்கு வந்துவிட்டது, ஆளின் கைக்கு வரவில்லை. சம்பள நாளில் வங்கி வண்டி ஒன்று முகாமுக்கு ஏறி வந்தால் இந்த ஏற்பாட்டுக்குத் தேவையே இல்லை.

போன் விஷயம் இன்னும் மோசம். வெளிமாநிலத்து ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுதான் எடுக்கும். லடாக் சுற்றுலா போன நம் ஆட்கள் எல்லாருக்கும் இது தெரியும். அவர்கள் ஒரு வாரம் சிரமப்பட்டுத் திரும்பிவிடுவார்கள். தும்காவிலிருந்து ப்ரீபெய்டு சிம்மோடு வருகிற இருபது வயதுப் பையனுக்கு அது ஐந்தாறு மாத மௌனம். உள்ளூர் சிம் வாங்க அவனுக்கு அடையாள அட்டை, உள்ளூரில் தெரிந்தவர், பேச ஒரு மொழி எல்லாம் வேண்டும். மறுபடியும் மேட்டின் போன்தான். அவர் பக்கத்தில் நிற்க, நாலு பேர் வரிசையில் காத்திருக்க, மனைவியிடம் என்ன பேச முடியும்? கூலியில் குறைகிறது என்று அந்த போனிலேயே வீட்டுக்குச் சொல்ல முடியுமா? முகாமில் இறங்கிய முதல் நாளே ஒவ்வொருவர் கையிலும் வேலை செய்கிற ஒரு சிம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது எல்லைச் சாலைகள் அமைப்புக்கு ஒரு பெரிய காரியமே இல்லை. பாறையை வெடிவைத்துப் பிளந்து, 19,024 அடி உயரத்தில் உம்லிங் லா வழியாகத் தார்ச்சாலை கொண்டுபோனவர்கள் அவர்கள்.

சோற்றைப் பற்றி எழுதாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க மனமில்லை. 4,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் அரிசி தளதளவென்று கொதிக்கும், வேகாது. ஒரு மணி நேரம் கழித்து விரலால் நசுக்கிப் பார்த்தால் மேலே குழைந்திருக்கும், நடுவில் வெள்ளைப் புள்ளியாக அரிசி அரிசியாகவே இருக்கும். பருப்பு அதைவிட மோசம். எரிப்பது மண்ணெண்ணெய், அதற்கும் கணக்கு உண்டு. ஆகவே பாதி வெந்ததை உண்டுவிட்டுப் படுப்பார்கள். வயிறு உப்பும், உயரத்தில் ஏற்கெனவே செத்துக் கிடக்கும் பசி இன்னும் சாகும். ஊரில் இவர்களுக்கும் நம்மைப் போலப் பழைய சோறு உண்டு. இரவு மிஞ்சியதில் நீர் ஊற்றி வைத்து, காலையில் வெங்காயமும் மிளகாயும் கடித்துக்கொண்டு உண்டுவிட்டு வயலுக்குப் போவார்கள். இங்கே இரவில் நீர் ஊற்றி வைத்தால் காலையில் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் கொட்டாது, உறைந்து கிடக்கும்.

பெரிய பிரஷர் குக்கர், அதற்குக் கேஸ்கட் இரண்டு உபரி, தட்டுப்பாடில்லாத எரிபொருள். எட்டுப் பேருக்கு ஒன்று என்று இதைக் கொடுத்தால் ஒரு முகாமின் முகமே மாறும். நலத்திட்டம் என்ற பெயரில் வரும் கேரம் போர்டையும் தொலைக்காட்சியையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெந்த சோறு முதலில் வரட்டும்.

மூச்சுப் பிரச்சினையும் இதோடு சேர்ந்ததுதான். மலை உயரத்துக்கு உடலைப் பழக்க ராணுவத்தில் திட்டமான முறை இருக்கிறது. 9,000 அடிக்கு மேல் முதல் கட்டம் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நாலு நாள், 15,000-க்கு மேல் இன்னொரு நாலு நாள். முதலில் ஓய்வு, பிறகு மெல்ல நடை, அப்புறம்தான் வேலை. ஜவானின் நுரையீரலும் கூலியாளின் நுரையீரலும் ஒன்றுதான். ஆனால் தினக்கூலிக்காரனுக்கு ஓய்வு என்றால் அது கையில் காசு விழாத நாள் என்ற பயம் ரத்தத்தில் ஊறியது. தலைவலியை மறைப்பான், இருமலை மறைப்பான். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் கீழே இறக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆள் இல்லை. பழகும் நாட்களுக்கும் முழுக் கூலி உண்டு என்பதைச் சேர்க்கும்போதே, சந்தாலியில், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவன் தலைவலியை வெளியே சொல்வான். குளிருக்குப் பயந்து கூடாரத்தை இறுக மூடி உள்ளே அடுப்பைக் கனலவிட்டுத் தூங்குவதும் உயிரைக் குடிக்கும். கரிப்புகைக்கு நிறமோ வாசனையோ இருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களிடம் கார்பன் மோனாக்சைடு பற்றி யாராவது முதல் இரவே பேச வேண்டும்.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. 1979-ல் வந்த மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் கூட்டிவரும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் கொடுக்கச் சொன்னது. இந்தியோ ஆங்கிலமோ அவன் மொழி இல்லையென்றால் அவன் மொழியிலும் எழுதிக் கொடுக்கச் சொன்னது. தங்குமிடம், இலவச மருத்துவம், பாதுகாப்பு உடை எல்லாம் அதில் உண்டு. பெரும் விபத்து நடந்தால் இரண்டு மாநில அதிகாரிகளுக்கும் குடும்பத்தாருக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்பதும் உண்டு. இப்போது அது 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. சந்தாலி 2003-லேயே எட்டாவது அட்டவணையில் சேர்ந்த மொழி. தும்காக்காரன் கையில் சந்தாலியில் எழுதிய ஒரு பாஸ்புக் இருந்தால் கார்டை யாரிடம் கொடுப்பது என்று அவனே முடிவு செய்வான்.

நம் ஊர்ப்பக்கம் கிரெஃப்பில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் பலர் உண்டு. எல்லைச் சாலைகள் அமைப்பின் நிரந்தரப் படை அது. அவர்களுக்குப் பதவி, விடுப்பு, ஓய்வூதியம் என்று ஒரு வரிசை இருக்கிறது. அதே வளைவில், அதே குளிரில் பக்கத்தில் கல் உடைத்தவன் பருவக் கூலி. அந்த இடைவெளி சாவிலும் தெரிந்தது. தினக்கூலித் தொழிலாளி இறந்தால் ஈமச் செலவுக்கு வெகுகாலம் கொடுத்துவந்தது 1,000 ரூபாய். அண்மையில்தான் அது 10,000 ஆனது. உடலை ஊர் கொண்டுசேர்க்கும் செலவையும் ஏற்றார்கள். 2024 ஜனவரியில், எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும் குழுக் காப்பீட்டுக்குப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புதல் கொடுத்தது. தாமதம்தான், ஆனாலும் மனதார வரவேற்கிறேன். உயிரோடிருக்கும் ஐந்தாறு மாதங்களுக்கும் இதே அக்கறையைக் கேட்கிறேன்.

அதற்கு மேட்டிடமிருந்தே தொடங்கலாம் என்பது என் எண்ணம். அவரை விரட்டாமல், அவர் கையிலிருந்து பணத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். ஆள் சேர்ப்பது மாநில அரசின் பதிவு முகாமில் நடக்கட்டும். கூலி வங்கி வண்டியில் வரட்டும். மொழி தெரிந்த, ஊர் தெரிந்த அந்த மனிதரையே மாதச் சம்பளத்துக்கு நலப் பணியாளராக வைத்துக்கொள்ளலாம். தினமும் இரவு பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பது, புதியவர்களின் மூச்சைக் கவனிப்பது, மருத்துவரிடம் கூடப் போவது, யார் எந்தத் தேதியில் ஊர் திரும்புகிறார்கள் என்று எழுதி எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுவது அவர் வேலை. திரும்பும் தேதி கண்முன் இருக்கிறவன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புவதற்குக் காரணம் குறைவு. மேட்டின் மேல் புகார் சொல்ல, அவரைத் தாண்டி சந்தாலி தெரிந்த இன்னொரு குரல் போனில் இருக்க வேண்டும். அது தும்காவில் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்த வாரம் ரோத்தாங்கைத் தாண்டி லாஹௌல் பக்கம் போவோம். அங்கே குடும்பமாக வந்து வேலை செய்கிறார்கள். கைக்குழந்தையைச் சாலையோரத்தில் கல் அணைகட்டிப் படுக்கவைத்துவிட்டுப் பெண்கள் ஜல்லி சுமக்கிறார்கள். 1996-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தில், ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்று இருந்தது. மலைச்சாலையில் ஒரு வளைவில் பத்துப் பெண்கள், இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வளைவில் எட்டுப் பெண்கள். அந்த ஐம்பதை யார், எப்படி எண்ணினார்கள் என்று பார்ப்போம்.

(தொடரும்)