பழைய போனைக் கையை விட்டுக் கொடுக்கும் முன்

அம்மாவுக்குப் புதிய போன் வாங்கியபோது பழையதை எக்ஸ்சேஞ்சில் போட்டேன். ஆன்லைனில் அதற்கு 9,200 ரூபாய் காட்டியது. மூன்றாம் நாள் புதிய போனோடு வந்த இளைஞர், வாசலில் நின்றபடியே பழைய போனைத் தன் செயலியால் சோதித்தார். கேமரா, ஸ்பீக்கர், சார்ஜ் ஏறுவது எல்லாம் சரியாக இருந்தன. திரையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஓரத்தில் கீறல் இருக்கிறது என்றார். 9,200 அங்கேயே 5,700 ஆனது. குறைந்த 3,500 ரூபாயை நான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புதிய போன் திரும்பிப் போய்விடும். அம்மா உள்ளே ஆசையோடு காத்திருந்தார். கொடுத்துவிட்டேன்.

அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபமில்லை. கீறல் உண்டா என்று செயலி கேட்டது, உண்டு என்று அழுத்தினார். விலையைக் குறைத்தது செயலி. ஆனால் ஆன்லைனில் தொகைக்குப் பக்கத்தில் சின்னதாக ‘வரை’ என்று எழுதியிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். அது பழுதே இல்லாத போனுக்கான உச்ச விலை. மூன்று வருடம் கையில் புழங்கிய போன் அந்த விலையைத் தொடுவது அபூர்வம்.

எக்ஸ்சேஞ்ச் தொகையைப் பழைய போனின் விலை என்று எடுத்துக்கொள்வதில்தான் பலருக்கும் ஏமாற்றம் தொடங்குகிறது. அதில் இரண்டு பங்கு கலந்திருக்கும். ஒன்று, பழைய போனுக்கான மதிப்பு. இன்னொன்று போனஸ். இது புதிய மாடலை விற்றுத் தள்ளுவதற்காகத் தரப்படும் தள்ளுபடி. அதனால்தான் ஒரே பழைய போனுக்கு, நீங்கள் வாங்கும் மாடலைப் பொறுத்து வேறு வேறு தொகை வருகிறது. போனஸைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். சில நேரம் அது வெளியே கிடைப்பதில் பாதிகூட இருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதிய போன் 25,000 ரூபாய். எக்ஸ்சேஞ்சில் மதிப்பு 6,500, போனஸ் 2,000. கையிலிருந்து போவது 16,500. அதே போன் இன்னொரு கடையில் கார்டு தள்ளுபடியோடு 22,500-க்குக் கிடைக்கிறது, பழையதைத் தெரிந்தவருக்கு 9,000-க்கு விற்கிறீர்கள் என்றால், போவது 13,500. மூவாயிரம் ரூபாய் வித்தியாசம். எந்தக் கடை அதிக எக்ஸ்சேஞ்ச் தருகிறது என்று தேடுவதைவிட, கடைசியில் பாக்கெட்டிலிருந்து எவ்வளவு போகிறது என்று பார்ப்பதே சரியான கணக்கு. புதிய போன் பிடிக்காமல் திருப்பி அனுப்பினாலும், கொடுத்த பழையது பெரும்பாலும் திரும்பி வராது. அந்தத் தொகைக்கு என்ன ஆகும் என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மதிப்பு குறைவாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் போன் வாசலிலிருந்து நேராக அடுத்தவர் கைக்குப் போவதில்லை. நூற்றுக்கணக்கில் சேர்த்து, தரம் பிரித்து, மொத்த வியாபாரிக்கு விற்கிறார்கள். அவர் பேட்டரி மாற்றுவார், திரை மாற்றுவார், சில மாத வாரண்டியோடு விற்பார். சரிப்படாததை உதிரி பாகமாகப் பிரித்துவிடுவார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு லாபம், அந்த லாபத்தின் மேல் ஜிஎஸ்டி. உள்ளே திறந்து பார்க்காமல் வாங்கும் போனில் என்ன பழுது ஒளிந்திருக்குமோ என்ற பயத்துக்கும் சேர்த்தே விலையைக் குறைக்கிறார்கள். நேரில் விற்றால் அந்தப் பணம் நமக்குத்தான் வரும், ஆனால் அந்த வேலையையும் பயத்தையும் நாம்தான் சுமக்க வேண்டும்.

அந்தச் சுமை சிறியதில்லை. விளம்பரம் போட்ட பத்தாவது நிமிடமே “லாஸ்ட் எவ்வளவு?” என்று பத்துப் பேர் கேட்பார்கள். வருகிறேன் என்று சொன்னவர் வரமாட்டார். இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். மோசடி விஷயத்தில்தான் விழிப்பு வேண்டும். பேரம் பேசாமலே ஒப்புக்கொண்டு, தான் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, பணம் அனுப்ப ஒரு கியூஆர் கோடு அனுப்புவார்கள். அதை ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பரைப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். யுபிஐயில் பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சந்தியுங்கள். பணம் வந்துவிட்டதா என்று அவர் காட்டும் திரையில் பார்க்காமல், உங்கள் வங்கிக் கணக்கில் பாருங்கள். *#06# என்று டயல் செய்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, விற்ற தேதி, வாங்குபவரின் பெயர், முகவரியோடு ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்த போன் நாளைக்கு ஏதாவது வழக்கில் சிக்கினால், பில்லில் பெயருள்ள உங்களைத் தேடி போலீஸ் வரலாம். அப்போது இந்தத் தாள்தான் பேசும். வாங்குபவருக்கும் இது திருட்டு போனோ என்ற சந்தேகம் இருக்கும். கேஒய்எம் என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டு, இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். போனின் நிலை பதிலாக வரும். பில்லும் பெட்டியும் இருந்தால் விலையும் கொஞ்சம் ஏறும்.

எந்த வழியில் கொடுத்தாலும், போனை அழிக்கும் முன் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். ஐபோன் என்றால் ‘ஃபைண்ட் மை’ வசதியை அணையுங்கள். போனை உங்கள் கணக்கோடு கட்டிவைக்கும் பூட்டு ஐபோனில் 2013 முதலும் ஆண்ட்ராய்டில் 2015 முதலும் இருக்கிறது. அதை நீக்காமல் கொடுத்தால் வாங்கியவருக்கு போன் வெறும் கல். மெமரி கார்டை மறக்காமல் எடுங்கள். ஃபேக்டரி ரீசெட் அதைத் தானாக அழிப்பதில்லை.

எக்ஸ்சேஞ்சுக்கும் நேரில் விற்பதற்கும் நடுவில் ஒரு வழி உண்டு. சென்னையில் ரிச்சி தெரு, மற்ற ஊர்களில் நம் தெருமுனை சர்வீஸ் கடை. கடைக்காரர் கண்ணெதிரே சோதித்துப் பார்த்துக் காசைக் கையில் கொடுப்பார். இரண்டு மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு, எக்ஸ்சேஞ்ச் மதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திரை உடைந்த போன், மூவாயிரத்துக்கும் கீழே போகும் போன் என்றால் நான் யோசிக்காமல் எக்ஸ்சேஞ்சில்தான் போடுவேன். அங்கே போனஸ்தான் பெரிது, அலைச்சல் மிச்சம். நல்ல நிலையில், பில்லோடு உள்ள போனை அப்படிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்கும் போனை மட்டும் யாருக்கும் விற்க வேண்டாம், சார்ஜிலும் போட வேண்டாம். தீப்பிடிக்கக்கூடியது. அதை மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.