வாசல் ஒன்று, வியாபாரிகள் பலர்: உங்கள் பெயரில் போகும் போலி மின்னஞ்சல்

கேட்காமலே வந்து குவியும் 'ஸ்பாம்' மின்னஞ்சலைப் பற்றி நாம் எல்லோரும் குறைப்படுகிறோம். ஆனால் வியாபாரத்தைக் கெடுப்பது நமது பெயரில் வெளியே போகும் ஸ்பாம்தான்.

நம்மில் அநேகர் குறைந்த வாடகைக்குப் பல நிறுவனங்கள் கூட்டாகப் பாவிக்கும் சேர்வரில்தான் இணையத்தளத்தையும் மின்னஞ்சலையும் வைத்திருக்கிறோம். இது ஒரே வாசல் உள்ள களஞ்சியம் மாதிரி. உள்ளே நூறு பேரின் சரக்கு இருந்தாலும் எல்லா லொறியும் ஒரே வாசலால்தான் வெளியே போகும். சேர்வரின் ஐ.பி. முகவரிதான் அந்த வாசல்.

கடித உறையில் அனுப்புபவர் என்று யாருடைய பெயரையும் எழுதலாம், தபாற்காரர் விசாரிப்பதில்லை. 1982 இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.ரி.பி. என்ற மின்னஞ்சல் விதிமுறையிலும் அனுப்புபவரைச் சோதிக்கும் ஏற்பாடு இருக்கவில்லை. அதே சேர்வரிலுள்ள இன்னொருவரின் கடவுச்சொல் களவுபோனாலோ, அவரது தளத்திலுள்ள தொடர்புப் படிவம் ஓட்டையாக இருந்தாலோ, திருடன் அதன் வழியே உங்கள் முகவரியைப் போட்டு ஆயிரக்கணக்கில் அனுப்பலாம்.

பிறகு ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் அந்த ஐ.பி. முகவரியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிடும். நீங்கள் அனுப்பும் கொட்டேஷனும் திரும்பி வரும், அல்லது வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டிக்குள் விழும். எனக்குத் தெரிந்த இறக்குமதி வியாபாரி ஒருவருக்கு இப்படித்தான் ஓர் ஓடர் கைநழுவியது.

"எஸ்.பி.எஃப். பதிவு போட்டிருக்கிறோம், பயமில்லை" என்று சிலர் என்னிடம் சொல்வதுண்டு. 'எங்கள் கடிதம் இந்த வாசலால்தான் வரும்' என்று உலகுக்கு அறிவிப்பதே அந்தப் பதிவு. பக்கத்துக்காரரும் அதே வாசலால்தானே போகிறார்? அவர் பக்கத்திலிருந்து உங்கள் பெயரில் போகும் போலியும் அந்தச் சோதனையில் தேறிவிடும். அதற்காகப் பதிவை விட்டுவிடவும் முடியாது. ஜிமெயிலுக்கு அனுப்புவோர் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டுமென்று 2024 பெப்ரவரி முதல் கூகுள் விதித்திருக்கிறது. ஆனால் முக்கியமான காவல் வாசலின் உட்பக்கம் இருக்கவேண்டும்.

ஆகவே ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இவற்றைக் கேளுங்கள்:

1. கடவுச்சொல் கொடுத்தவர் மட்டும்தான் அஞ்சல் அனுப்பலாமா?

2. தனக்குச் சொந்தமில்லாத முகவரியைப் போட்டு அனுப்பினால் சேர்வர் தடுக்குமா?

3. தளங்களிலுள்ள புரோகிராம்கள் அஞ்சல் சேர்வரைத் தாண்டி 25 ஆம் இலக்கப் போர்ட்டால் நேரே அனுப்பாதபடி பூட்டியிருக்கிறதா?

4. ஒரு கணக்கிலிருந்து மணித்தியாலத்துக்கு இத்தனை அஞ்சல்தான் என்ற வரம்பு உண்டா?

5. எந்த அஞ்சல் எந்தக் கணக்கிலிருந்து போனது என்ற பதிவு இருக்கிறதா?

ஐந்துக்கும் 'ஆம்' என்று பதில் வரவேண்டும். இரண்டாவதற்கு இழுத்தடித்தால் வேறிடம் பாருங்கள்.

நமது பக்கத்திலும் கடமை உண்டு. ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குக் கொடுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றே அவரது கணக்கை மூடுங்கள். பாவிக்காத பழைய படிவங்களைத் தளத்திலிருந்து நீக்குங்கள். வாடகையை ஒப்பிடுமுன் அந்த ஐந்து விடைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.