உஷார்! உங்கள் லாகின் இப்போது யார் கையில்?

சேலம் மாவட்டம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் கடை வைத்திருந்தாலும் சரி, பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, ஆடிட்டர் ஆபீஸ் என்று எதை நடத்தினாலும் சரி, இன்றைக்கே ஒரு விஷயத்தைப் பாருங்கள். மானிட்டர் ஓரத்தில் பாஸ்வேர்டு எழுதிய துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறதா? அதைக் கிழித்துப் போட்டுவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அந்தப் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போகிறவர் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம், எதற்கு ஒப்புதல் கொடுக்கலாம் என்று யாராவது உட்கார்ந்து முடிவு செய்தார்களா? பெரும்பாலான இடங்களில் இல்லை. அதனால்தான் இந்த அலறல்.

2020 ஆகஸ்ட் நினைவிருக்கிறதா? விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் பி.எம். கிசான் திட்டத்தில், தமிழ்நாட்டில் திடீரென்று பயனாளிகள் எண்ணிக்கை எகிறியது. தோண்டிப் பார்த்தால் தகுதியே இல்லாத ஐந்தரை லட்சம் பேர் உள்ளே நுழைந்திருந்தார்கள். போன பணம் சுமார் 110 கோடி. செப்டம்பரில் அப்போதைய வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி விவரத்தைச் சொன்னபோது, 80 பேர் பணிநீக்கம், 34 பேர் பணியிடைநீக்கம், தரகர்கள் 18 பேர் கைது, திரும்ப வந்த பணம் 32 கோடி என்ற நிலை. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. மோசடி நடந்த மாவட்டங்களின் பட்டியலில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூரோடு நம் சேலம் மாவட்டமும் இருந்தது.

எந்த ஹேக்கரும் வரவில்லை. ஒப்புதல் தரும் அதிகாரமுள்ள லாகினும் பாஸ்வேர்டும் தரகர்கள் கைக்குப் போயிருந்தன, அவ்வளவுதான். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை சரியான ஆள் வந்தார், சரியான பாஸ்வேர்டு போட்டார், தனக்கு அனுமதியுள்ள வேலையைச் செய்தார். அதற்கு வேறெதுவும் தெரியாது. ‘நீ யார்?’ என்பது ஒரு சோதனை. ‘நீ என்ன செய்யலாம்?’ என்பது வேறு சோதனை. நாம் முதலாவதற்கு மட்டும் ஓ.டி.பி., கைரேகை என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். இரண்டாவதைக் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த பையன் அன்று என்ன டிக் செய்தானோ அதோடு விட்டுவிடுகிறோம். பி.எம். கிசானில் இன்னொரு கொடுமை, ஆதார் நகலையும் பாஸ்புக் நகலையும் நம்பிக் கொடுத்த ஏழைகளிடமிருந்தே பணத்தைத் திரும்ப வசூலித்தார்கள்.

இந்த ‘யார் என்ன செய்யலாம்’ என்பதற்குக் கணினி உலகில் வகைவகையான மாதிரிகள் உண்டு. கோப்புக்குச் சொந்தக்காரர் தன் இஷ்டத்துக்கு யாருக்கும் திறந்துவிடலாம் என்பது ஒன்று. கூகுள் டிரைவில் ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று வைக்கிறோமே, அதேதான். பள்ளி மாணவர்களின் ஆதார் பட்டியல் இப்படித் திறந்து கிடந்தால் அந்த லிங்க் எத்தனை வாட்ஸ்அப் குரூப் தாண்டிப் போனாலும் உங்களுக்குத் தெரியாது. சொந்தக்காரரே நினைத்தாலும் மீற முடியாத கட்டாய விதிகள் இன்னொன்று. 1973-ல் பெல், லபடுலா என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்க ராணுவ ரகசியங்களை மனதில் வைத்து எழுதியது அது. நம் கடைக்கு அவ்வளவு வேண்டாம்.

பதவியைப் பார்த்து அனுமதி தருவதை 1992-ல் ஃபெரையோலோவும் குன்னும் முன்வைத்தார்கள். இன்று ஆபீஸ்களில் அதிகம் புழங்குவது இந்த ‘ரோல்’ முறைதான். ஆனால் ரோலுக்கு வேலி சரியாகப் போடாவிட்டால் அதுவே ஓட்டை. 2018 ஜனவரியில் சண்டிகரின் ‘தி டிரிப்யூன்’ நிருபர் 500 ரூபாய் கொடுத்து ஒரு லாகின் வாங்கினார். எந்த ஆதார் எண்ணைப் போட்டாலும் பெயர், முகவரி, புகைப்படம், போன் எண் வந்து விழுந்தது. குறைதீர்க்கும் அலுவலர்களுக்காக வைத்த தேடும் வசதி தவறாகப் பயன்பட்டிருக்கிறது, கைரேகை விவரம் எதுவும் கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். கைரேகை பத்திரம், சரி. குறை தீர்க்கிற ஒருவருக்கு நாட்டில் உள்ள அத்தனை பேரின் முகவரியும் எதற்கு?

என்னைக் கேட்டால் நம் ஊர்க் கணக்குவழக்குக்கு மிகவும் தேவையானது 1987-ல் கிளார்க்கும் வில்சனும் எழுதிய மாதிரி. ராணுவத்துக்கு ரகசியம் கசியக்கூடாது. வியாபாரத்துக்குக் கணக்கு பொய்யாகக்கூடாது. ஆகவே பதிவு செய்கிறவரும் ஒப்புதல் தருகிறவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது என்றார்கள். பேங்க் லாக்கருக்கு உங்கள் சாவியும் வேண்டும், பேங்க் சாவியும் வேண்டும் என்கிற அதே கணக்கு. இரண்டு லாகினும் ஒரே மேசையில் கிடந்தால்? பி.எம். கிசானில் பதிந்தவனே ஒப்புதலும் தந்தான். 2018-ல் வெடித்த பஞ்சாப் நேஷனல் பேங்க் மோசடியிலும் மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து போன ஸ்விஃப்ட் (பேங்குகள் தங்களுக்குள் அனுப்பும்) செய்திகள் பேங்கின் பிரதானக் கணக்கு மென்பொருளோடு இணைக்கப்படாமல் இருந்தன. ஏட்டில் ஏறாமலேயே உத்தரவாதம் வெளிநாட்டுக்குப் போனது. தொகை 13,000 கோடியைத் தாண்டியது.

உங்கள் கடைக்கு வருவோம். டேலியில் பில் போடும் பெண்ணுக்கும் உங்களுக்கும் ஒரே லாகினா? இன்றே மாற்றுங்கள். அதில் ‘டேட்டா என்ட்ரி’ என்று தனி நிலையே இருக்கிறது. பழைய தேதியில் வவுச்சர் போடுவதையும் கட்டுப்படுத்தலாம். ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டை ஆடிட்டரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்களா? அந்தப் போர்ட்டலிலேயே வரி ஆலோசகரை முறைப்படி சேர்க்கவும் விலக்கவும் வசதி உண்டு. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை அடுத்தவர் டிராயரில் விட்டு வைப்பது, கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை விட்டு வைப்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. “நம்ம பையன்தாங்க, பத்து வருசமா இருக்கான்” என்பார்கள். இருக்கட்டும். அவன் போனைத் திருடுகிறவன் நம்ம பையன் இல்லையே.

வேலையை விட்டுப் போனவர்களின் பட்டியலையும் எடுங்கள். போன தீபாவளிக்கு நின்றுபோன அக்கவுண்டன்டின் ஐ.டி. இன்னும் உயிரோடு இருந்தால் இன்று சாயங்காலம் கடை அடைப்பதற்குள் அதை நீக்கிவிடுங்கள்; அதற்கு முன் அது கடைசியாக எந்தத் தேதியில் உள்ளே வந்தது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.