வாழ்நாள் நோய்களும் வாயிற்படிச் சுகாதார சேவையும்

நோய்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. சில திடீரெனத் தோன்றிச் சில நாட்களில் தீர்கின்றன, அன்றேல் உயிரைக் கவர்கின்றன. வேறு சில ஓசையின்றிப் புகுந்து வாழ்நாள் முழுவதும் உடனுறைகின்றன. மலேரியா, நெருப்புக்காய்ச்சல் முதலியன முதல் வகையைச் சார்ந்தன. நீரிழிவு, உயர் குருதியமுக்கம், நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியன இரண்டாம் வகையின. முதல் வகை நோய்களை எதிர்கொள்ளவும் தாய் சேய் நலம் பேணவும் உருவான ஒரு சுகாதார அமைப்பு, இரண்டாம் வகை நோய்களுக்கும் பயன்படுமா என்னும் வினாவை, இலங்கையும் பங்குகொண்ட ஓர் ஆய்வின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926 இல் களுத்துறையில் அமைக்கப்பட்டது. வரையறுக்கப்பட்ட ஒரு பிரதேசத்து மக்களின் நலனுக்கு ஒரு வைத்திய அதிகாரியைப் பொறுப்பாக்கி, அவருக்குத் துணையாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தாதியர், மருத்துவ மாதர் ஆகியோரை நியமிப்பதே இம்முறையின் அடிப்படையாகும். நாளடைவில் இது நாடெங்கும் பரவியது. 1945 இல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 140 குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்கு முன்னரே இறந்தன. இன்று அத்தொகை பத்திலும் குறைவாகும். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தினால் உறுதிப்படுத்தப்பட்டது. இவற்றுக்குக் கல்வி, உணவு, மருந்து எனப் பல காரணங்கள் உளவெனினும், வீடுவீடாகச் சென்ற மருத்துவ மாதரதும் களப் பணியாளரதும் பங்கு மறுக்கவொண்ணாதது.

வாழ்நாள் நோய்களின் இயல்போ வேறு. உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் நோவு தருவதில்லை. நோவில்லாதவர் வைத்தியரை நாடுவதுமில்லை. நோய் கண்டறியப்பட்ட பின்னரும், நலமாக இருப்பதாக உணரும் ஒருவர் நாள்தோறும் குளிசை உட்கொள்ளவேண்டும்; உப்பைக் குறைக்கவேண்டும்; மாதந்தோறும் கிளினிக்குக்குச் செல்லவேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசமே. ஆயினும் அதனைப் பெறுவதற்குச் செலவாகும் ஒரு நாள் கூலித்தொழிலாளிக்கு இலவசமன்று. பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் சேர, ஒரு மாதம் தவறுகின்றது. பின்னர் பல மாதங்கள் தவறுகின்றன. இறுதியில் பாரிசவாதம் கண்டு அவர் வைத்தியசாலைக்குத் தூக்கி வரப்படும்போது, ஒரு குடும்பமே உழைப்பாளியை இழந்து நிற்கின்றது.

2011 முதல் நாடெங்கும் நிறுவப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் இத்தகைய நோய்களை முற்கூட்டியே கண்டறிய முயல்கின்றன. எனினும் கண்டறிதல் முதற்படி மாத்திரமே. கண்டறியப்பட்டவரைத் தொடர்ந்து சிகிச்சையில் நிறுத்துவது எவ்வாறு என்பதே கடினமான வினாவாகும்.

இவ்வினாவுக்கு விடைகாணும் முயற்சியாகவே பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் கிராமங்களில் 2016 முதல் 2019 வரை ஓர் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. சிங்கப்பூரைச் சேர்ந்த பேராசிரியர் தஸீன் ஜாபர் தலைமைதாங்கிய இவ்வாய்வின் முடிவுகள் 2020 இல் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் வெளியாகின. நாற்பதும் அதற்கு மேற்பட்டதுமான வயதுடைய, உயர் குருதியமுக்கம் கொண்ட 2,645 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். முப்பது கிராமப் பகுதிகள் தெரிவுசெய்யப்பட்டு, எழுமாறாகப் பதினைந்து பதினைந்தாகப் பிரிக்கப்பட்டன. ஆட்களைப் பிரிக்காது ஊர்களைப் பிரித்தமைக்குக் காரணம் உண்டு. ஒரே ஊரில் ஒரு வீட்டாருக்கு அறிவுரை கூறி அயல்வீட்டாரை விலக்கிவைத்தல் இயலாது. கூறிய அறிவுரை வேலி கடந்து சென்றுவிடும்.

ஒரு தொகுதி ஊர்களில் வழமையான சேவையே தொடர்ந்தது. மற்றைய தொகுதியில், அரசாங்கச் சுகாதாரப் பணியாளர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வீடுகளுக்குச் சென்று, குருதியமுக்கத்தை அளந்து, உணவு, உடற்பயிற்சி, மருந்து பற்றி எடுத்துரைத்து, வேண்டியவரை வைத்தியரிடம் அனுப்பினர். இலங்கையில் இப்பணியை மேற்கொண்டோர் மருத்துவ மாதரே. வைத்தியர்களுக்கு, எந்நிலையில் எம்மருந்தைத் தொடங்குவது, எப்போது கூட்டுவது என்பன பற்றிப் பயிற்சி அளிக்கப்பட்டது. பணியாளரின் மேலதிக உழைப்புக்குக் கொடுப்பனவும் வழங்கப்பட்டது.

இரண்டு ஆண்டுகளின் முடிவில், வழமையான சேவை பெற்றோரின் சுருங்கற் குருதியமுக்கம் சராசரியாக 3.9 மில்லிமீற்றர் குறைந்தது. வீட்டுச் சேவை பெற்றோரில் 9.0 மில்லிமீற்றர் குறைந்தது. ஒப்பிடுவதற்கு மற்றைய ஊர்கள் இல்லாதிருந்தால், ஒன்பது முழுவதையும் திட்டத்தின் பயனென நாம் கருதியிருப்போம். உண்மையான பயன் ஏறத்தாழ ஐந்து மில்லிமீற்றரே. இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் ஒரு சமுதாயம் முழுவதிலும் இவ்வளவு குறையுமாயின், பாரிசவாதமும் மாரடைப்பும் குறிப்பிடத்தக்க அளவு குறையும். குருதியமுக்கம் 140/90 இலும் குறைவாகக் கட்டுப்பட்டோர் வழமைச் சேவையில் 43.7 வீதமாகவும், வீட்டுச் சேவையில் 53.2 வீதமாகவும் இருந்தனர்.

இவ்வெண்களை மறுபுறமாகவும் படித்தல் வேண்டும். சிறந்த சேவை பெற்றோரிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் கட்டுப்பாட்டுக்கு வரவில்லை. மருந்து தட்டுப்படுமிடத்து அறிவுரை மாத்திரம் பயன்தராது. மருத்துவ மாதின் கடமைகள் ஏற்கெனவே பல. புதிய சுமையை ஏற்றுவதாயின் ஆளணியும் கூட்டப்படல் வேண்டும். மலையகத் தோட்டங்களில், தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் தனித்து வளர்ந்த சுகாதார சேவை அரசாங்க சேவையுடன் இன்னும் முற்றாக இணையவில்லை. உள்ள அமைப்பைப் பயன்படுத்துவோம் எனும்போது, அவ்வமைப்பு முழுமையாகச் சென்றடையாத மக்களை மறந்துவிடலாகாது.

வைத்தியக் கல்விக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. எமது மாணவர் போதனா வைத்தியசாலையின் விடுதிகளில், படுக்கையிலுள்ள நோயாளியிடமே பெரிதும் கற்கின்றனர். அங்கே காண்பது நோயின் ஒரு கட்டத்தை மாத்திரமே. வாழ்நாள் நோயை அறிய விரும்புபவர், ஒரே நோயாளியை மாதக்கணக்கில் தொடரவும், அவர் ஏன் கிளினிக்குக்கு வரவில்லை எனக் கேட்கவும், களப் பணியாளரைச் சகபாடியாக மதிக்கவும் பழகுதல் வேண்டும். குருதியமுக்கத்தைக் குறைக்கும் மலிவான மருந்துகள் பல ஆண்டுகளாகவே எம்மிடம் உள்ளன. வைத்தியசாலைக்கும் வீட்டு வாயிற்படிக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதே எஞ்சியுள்ள பணியாகும். களுத்துறையில் தொடங்கிய பாதை அதற்கு இன்றும் உதவக்கூடும் என்பதே மேற்கூறிய ஆய்விலிருந்து நாம் பெறும் முடிபாகும்.