ஹை புரோட்டீன் டயட் இருக்கீங்களா? குடல் பாக்டீரியாவுக்கு என்ன ஆகும் தெரியுமா?

காலையில் முட்டை வெள்ளைக்கரு, மதியம் சிக்கன், மாலையில் புரோட்டீன் ஷேக். சாதம், பழம், பயறு எல்லாத்துக்கும் 'நோ'. எடை குறைக்க நினைக்கும் பலரின் மெனு இப்போ இதுதான். எடை குறையலாம். ஆனால் குடலுக்குள் வேறொரு மாற்றமும் நடக்கிறது.

குடலில் நடப்பது என்ன?

நாம் சாப்பிடும் புரதத்தில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்துவிடும். மிச்சம் பெருங்குடலுக்குப் போகும். அங்கே பல லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன.

இவற்றில் பலவற்றுக்குப் பிடித்த சாப்பாடு நார்ச்சத்து. அதை நொதிக்க வைத்து 'பியூட்டிரேட்' போன்ற கொழுப்பு அமிலங்களை உருவாக்கும். பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருளே இந்த பியூட்டிரேட்தான்.

நார்ச்சத்து கிடைக்கலைன்னா, பாக்டீரியாக்கள் புரத மிச்சத்தில் கை வைக்கும். அப்போது அம்மோனியா, பி-கிரெசால், அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்றவை உருவாகும். இவை அதிகமானால் குடல் சுவரைப் பாதிக்கலாம். பி-கிரெசாலில் இருந்து உருவாகும் கழிவை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. சிறுநீரக நோயாளிகளுக்கு அது ரத்தத்திலேயே தேங்கும்.

ஆய்வு சொல்வது என்ன?

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் உடல் பருமன் கொண்ட 17 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. அவர்களுக்கு இரண்டு வகை டயட், தலா 4 வாரம் கொடுக்கப்பட்டது. இரண்டிலும் புரதம் கிட்டத்தட்ட ஒரே அளவு, நாளுக்கு சுமார் 140 கிராம். மாவுச்சத்து ஒன்றில் சுமார் 180 கிராம், மற்றொன்றில் வெறும் 22 கிராம்.

மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகக் குறைந்த டயட்டில்தான் பியூட்டிரேட் அதிகமாகச் சரிந்தது. அதை உருவாக்கும் பாக்டீரியாக்களும் குறைந்தன. அதாவது, புரதம் கூடியது மட்டும் பிரச்னை இல்லை. தட்டில் இருந்து நார்ச்சத்து காணாமல் போனதுதான் பெரிய பிரச்னை.

அப்போ முட்டை, சிக்கன் சாப்பிடக்கூடாதா?

தாராளமாகச் சாப்பிடலாம். கூடவே காய்கறி, கீரை, பழமும் இருக்கணும். சுண்டல், பச்சைப்பயறு, வேர்க்கடலையில் புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்தே கிடைக்கும். புரோட்டீன் பவுடரில் பொதுவாக நார்ச்சத்து மிகக் குறைவு.

எவ்வளவு புரதம் தேவை?

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது ஐ.சி.எம்.ஆர் பரிந்துரை. 60 கிலோ எடை உள்ளவருக்கு சுமார் 50 கிராம். கடுமையாக உடற்பயிற்சி செய்பவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். புரோட்டீன் பவுடர்களைத் தவிர்க்கும்படி 2024இல் வெளியான ஐ.சி.எம்.ஆர் உணவு வழிகாட்டுதல் சொல்கிறது.

சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த டயட்டைத் தொடங்கவே கூடாது. மற்றவர்கள் புரதத்தைக் கணக்குப் பார்க்கும்போது, அன்றைக்கு எவ்வளவு காய்கறி சாப்பிட்டோம் என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.